ஒயின் அறையில் ஓரடி குறைந்த கதை

தம்பிகளே, தங்கச்சிகளே, சைட்டுக்குப் போகிற முதல் நாளே ஒரு பேச்சு உங்கள் காதில் விழும். ‘பாத்துப் பண்ணுங்க.’ வீட்டுக்காரர் சொல்வார், முதலாளி சொல்வார், இன்னும் ஆறு மாதத்தில் நீங்களே பத்துப் பேரிடம் சொல்வீர்கள். கேட்பதற்கு மரியாதையாக இருக்கும். நம்மை நம்பிப் பொறுப்பை ஒப்படைப்பது போலவும் இருக்கும். உண்மையில் அதற்கு அர்த்தம், ‘எனக்கு இப்ப யோசிக்க நேரமில்ல, நீயே யோசிச்சுக்க, தப்பாப் போனா வந்து உன்னைத் திட்டுறேன்’ என்பதுதான். அப்படிச் சொல்லிவிட்டுத் திட்டுவதில் என்னை மிஞ்ச இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது.

கப்பலூர் பட்டறையில் முப்பத்தொரு வருஷம் சூப்பர்வைசராக இருந்தவன் என்பதால், புதிதாக வந்த பிள்ளைகளுக்கு நாலு நல்லது எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நாலெல்லாம் என்னிடம் இல்லை. ஒன்று இருக்கிறது. அதுவும் நான் செய்த ஒரு தப்பிலிருந்து வந்தது. மரம் எப்படி அறுப்பது, பசை எப்படிப் போடுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். செல்போனிலேயே பார்த்துவிடுகிறீர்கள். நான் சொல்லப் போவது ஓர் எலும்பு டாக்டர் வீட்டில் ஒயின் அறை கட்டிய கதை.

டாக்டருக்கு ஆனையூரில் வீடு. முப்பது வருஷம் இங்கிலாந்தில் எலும்பு ஒட்டிவிட்டு, சொந்த ஊருக்கே வந்துவிட்டார். அவர் மனைவி அங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். தெருவில் எல்லாரும் டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு பேரும் தங்கமான மனிதர்கள். டாக்டருக்கு ஒரே ஓர் ஆசை. வீட்டின் பின்பக்கம் சாமான் போட்டு வைத்திருந்த அறையை ஒயின் வைக்கிற குளுகுளு அறையாக மாற்ற வேண்டும். சுவர் முழுக்க மரம் அடித்து, பின்சுவரில் தேக்கில் ஒரு பெரிய அலமாரி. பாட்டிலுக்கு ஒரு பொந்து என்று மொத்தம் முந்நூற்று முப்பத்தாறு பொந்து.

அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். அவரிடம் சரியாக முந்நூற்று முப்பத்தாறு பாட்டில் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். மகள் பிறந்ததற்கு ஒன்று, முதல் கார் வாங்கியதற்கு ஒன்று, பெரிய ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு ஒன்று. எல்லாம் கப்பலில் வந்து பெங்களூரில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் கிடந்தன. அனுமதிக் காகிதங்கள் மட்டும் ஒரு கல்யாண ஆல்பம் கனத்துக்கு இருந்தன.

“சார், இதுவரைக்கும் எத்தனை குடிச்சிருப்பீங்க?” என்றேன்.

“ஒன்னுகூட இல்லண்ணே. அதெல்லாம் சும்மா நினைச்ச நேரத்துக்குத் தொறக்கறது இல்ல. நல்ல நாள் பாத்துத் தொறக்கணும்.”

எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. ஆனாலும் குடிக்காமலே ஒருவர் இத்தனை பாட்டில் சேர்த்து வைக்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அவர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். “அண்ணே, வெயில் படக்கூடாது. நம்ம ஊரு வெயில்ல ரெண்டு மணி நேரம் இருந்துச்சுன்னா என் முப்பது வருஷமும் போச்சு. அம்புட்டுதான்.” அவர் கண்ணைப் பார்த்தபோது, இந்த வேலையில் விளையாடக்கூடாது என்று எனக்கே தோன்றியது.

வேலைக்கு எங்கள் பட்டறையின் மூத்த ஆசாரியைப் போட்டேன். சோழவந்தான்காரர். கை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம். பாட்டிலைப் படுக்கப் போட்டுத்தான் வைக்க வேண்டும், அப்போதுதான் மூடியில் இருக்கிற தக்கை காயாமல் இருக்கும் என்று டாக்டர் விளக்கியதும் ஆசாரி என் காதில், “நம்ம ஊர்ல குடிச்சவன் படுப்பான். இங்க பாட்டிலே படுத்துருக்குண்ணே” என்றார். அறைக்கு வருஷம் முழுக்கப் பதின்மூன்று டிகிரி குளிர் என்றதும், “எங்க வீட்ல அஞ்சு பேருக்கு ஒரு ஃபேனு” என்று ஒரு பெருமூச்சு விட்டார்.

அலமாரியின் நெற்றியில் திராட்சைக் கொடி செதுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஆசாரி ஐந்து வாரம் உட்கார்ந்து செதுக்கினார். பார்த்தால் அப்படியே வெற்றிலைக் கொடி. நடுவில் மட்டும் ஒரு திராட்சைக் குலை தொங்கியது. “என்னய்யா இது?” என்று கேட்டால், “நான் பொறந்ததுல இருந்து பாத்த கொடி அதுதாண்ணே, கை தன்னால அங்க போயிருச்சு” என்றார். டாக்டருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அந்தக் குலையைத் தடவிப் பார்ப்பதற்கென்றே இரண்டு முறை கப்பலூருக்கு வந்தார். தன் வீட்டு அறையை மட்டும் ஒருமுறைகூட அளந்து பார்க்கவில்லை.

இடையில் ஒரு கூத்து. எங்கள் ஆட்கள் தெருமுனை டீக்கடையில் ‘ஒயின்ஷாப் வேலைக்கு வந்திருக்கோம்’ என்று சொல்லித் தொலைத்துவிட்டார்கள். மறுநாள் காலையில் பதினைந்து பெண்கள் வாசலில் நிற்கிறார்கள். “குடியிருக்குற தெருவுல கடை போட விடமாட்டோம்” என்று ஒரே சத்தம். நான் மாடிப்படிக்கு அடியில் ஒளிந்துகொண்டேன். கோபக்காரன் எல்லாம் தைரியசாலி கிடையாது, தெரிந்துகொள்ளுங்கள். டீச்சரம்மாதான் வெளியே போனார். “கடைன்னா வித்துத் தீர்ந்துரும்மா. இது தீரவே தீராது. எங்க வீட்டுக்காரரு சும்மா பாத்துக்கிட்டு இருப்பாரு, அம்புட்டுதான்” என்றார். அந்தப் பெண்கள் ரொம்பவும் பரிதாபப்பட்டுக் கலைந்து போனார்கள்.

இனி என் தப்புக்கு வருகிறேன். படத்தில் அறையின் உள் அளவு அகலம் ஏழடி, நீளம் பத்தடி. அலமாரி ஏழடி அகலத்துக்குக் கப்பலூரில் தயாராகிக்கொண்டிருந்தது. அறைக்குள் மரச்சட்டம் அடிக்கிற வேலை தொடங்கிய அன்று ஆசாரி என்னிடம் வந்தார். நான் அப்போது போனில் இருந்தேன். வேறொரு சைட்டில் கண்ணாடிக் கதவு விரிசல் விட்டு வந்திருந்தது. அனுப்பியவனைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தேன்.

“அண்ணே, பத்து நல்லது. கால்நடை பெருகும். ஆனா ஏழடி ஆகாதுண்ணே. மனையடி சாஸ்திரத்துல ஏழடின்னா தரித்திரம். ஆறுன்னா நன்மை. என்ன செய்ய?”

நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கையை மட்டும் ஆட்டிச் சொன்னேன். “பாத்துப் பண்ணுய்யா.”

அவர் பார்த்துத்தான் பண்ணினார். இரண்டு பக்கச் சுவரிலும் சட்டத்தை ஆறாறு அங்குலம் முன்னால் இழுத்து, உள்ளே தெர்மாகோலை இரட்டையாக அடைத்து, மேலே பலகை அடித்து, அறையை அழகாக ஆறடியாக்கிவிட்டார். இந்த மாதிரி வேலையை நம் ஊர் ஆசாரியைத் தவிர யாரும் செய்ய மாட்டார்கள். ஒரு குடும்பம் தரித்திரப்படக்கூடாது என்று நல்ல மனசோடு, ஒரு மயிரிழைகூடப் பிசகாமல் செய்த தப்பு அது.

நான் நாலு தடவை அந்த அறைக்குப் போனேன். சுவரைத் தடவினேன். கன்னம் மாதிரி வழவழப்பாக இருந்தது. “சபாஷ்” என்றேன். இடுப்பில்தான் டேப் தொங்கியது. எடுத்து ஒருமுறை நீட்டிப் பார்க்கவில்லை. வெறுமனே தடவிப் பார்த்துவிட்டுப் போவதற்குச் சூப்பர்வைசர் எதற்கு, கோயில் யானை போதும்.

கத்திரி வெயில் தொடங்கிய வாரம் பாட்டில்கள் வரும் நாள் குறித்தார்கள். வழக்கமாக ஐஸ்கிரீம் ஏற்றுகிற குளிர் வண்டி ஒன்றில் பெங்களூரிலிருந்து வந்தன. டிரைவர் வந்து இறங்கியதுமே கறாராகச் சொல்லிவிட்டார். “நாலு மணிக்கு நான் கிளம்பியாகணும். திண்டுக்கல்ல ஐஸ்கிரீம் லோடு. அதுக்கு மேல ஒரு நிமிஷம் நிக்க மாட்டேன்.” அப்போது மணி பதினொன்று. அதே நேரத்தில்தான் கப்பலூரிலிருந்து எங்கள் அலமாரியும் வந்து இறங்கியது.

எட்டுப் பேர் சேர்ந்து அலமாரியை நிமிர்த்தி வாசலுக்குள் நுழைத்து, அறைக்குள் திருப்பினோம். டாக்டர் இஸ்திரி போட்ட சட்டையோடு, கையில் முந்நூற்று முப்பத்தாறு பெயர் எழுதின பட்டியலோடு நிற்கிறார். அலமாரி பின்சுவரை நோக்கிப் பாதி திரும்பியது. நின்றது. இடது பக்கம் தள்ளினால் வலது பக்கம் இடித்தது, வலது பக்கம் தள்ளினால் இடது பக்கம் இடித்தது. நான் முதல் முறையாக டேப்பை எடுத்து நீட்டினேன். ஆறடி.

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல! “யோவ் ஆசாரி, உனக்கு டேப்பு பிடிக்கத் தெரியுமா தெரியாதா?” என்று எட்டுப் பேர் முன்னால் கத்தினேன்.

“அளந்துதாண்ணே வச்சேன். ஆறடி. நூல் பிசகாது.”

“ஆறடி உன்னைய யாருய்யா கேட்டா?”

“நீங்கதாண்ணே பாத்துப் பண்ணச் சொன்னீக” என்றார், ரொம்ப மெதுவாக. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அந்தப் போன், அந்தக் கண்ணாடிக்காரன், நான் ஆட்டின கை, எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் வாயைத் திறந்து ஒத்துக்கொண்டேனா? இல்லை. டாக்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

டாக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. “யாரு மாத்துனது? யாரு மாத்துனதுன்னு எனக்குத் தெரியணும்” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வெளியே வண்டியின் இன்ஜின் ஓடுகிற சத்தம். எட்டுப் பேரும் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். ஒருவன் சுவரைப் பிரிக்கலாம் என்கிறான். ஒருவன் பாட்டிலை மொட்டை மாடித் தொட்டியில் போடலாம் என்கிறான். அவனை நான் பார்த்த பார்வையில் பின்பக்கமாகவே நடந்து வெளியே போய்விட்டான்.

அப்போது நான் ஒரு காரியம் உருப்படியாகச் செய்தேன். போனை அணைத்து டாக்டர் கையில் கொடுத்தேன். “சார், யாருங்கிற கேள்வியச் சாயங்காலம் வச்சுக்குவோம். தப்பிக்க மாட்டேன். இப்ப நாலு மணி வரைக்கும் ஒரே கேள்விதான். சுவரா, அலமாரியா?” என்றேன். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளா. தப்பு நடந்த இடத்தில் யார் என்ற கேள்வி வந்துவிட்டால் எல்லாரும் வாய் பேசுவார்கள், ஒருத்தர் கையும் வேலை செய்யாது.

சுவரைப் பிரித்தால் அறை மறுபடி குளிர ஒரு நாள் ஆகும். தூசி வேறு. பாட்டில் அத்தனையும் வெயிலில் நிற்கும். அலமாரியை வெட்டினால் நாலு மணி நேரத்தில் முடியலாம். ஆனால் ஓரத்தில் வெட்டினால் சட்டம் தளர்ந்து, ஒரு நாள் மொத்தமும் சரிந்து கீழே வரும். வெட்டுவதானால் நடுவில்தான் வெட்ட வேண்டும். நடுவில்தான் அந்தத் திராட்சைக் குலை இருந்தது.

நான் ஆசாரியைப் பார்த்தேன். அவர் குலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்து வாரம்.

“நானே வெட்டுறேண்ணே. வேற எவனும் கை வைக்க வேணாம்” என்றார்.

டாக்டருக்கு அதற்குள் ஆப்பரேஷன் தியேட்டர் புத்தி வந்துவிட்டது. சட்டைக் கையை மடித்துவிட்டார். “நடுவுல ஒரு துண்டு எடுத்துட்டு ரெண்டு முனையவும் சேர்க்கப் போறீங்க, அதானே? நான் ஆயிரம் காலுக்குப் பண்ணியிருக்கேன். புடிங்க” என்று ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். போர்ட்டிகோவில் வைத்து வெட்டினோம். ரம்பத்தூள் டாக்டர் தலையெல்லாம். ஆசாரி கண்ணைத் துடைத்துக்கொண்டே அறுத்தார். கேட்டதற்குத் தூள் விழுந்துவிட்டது என்றார்.

டீச்சரம்மா எல்லாருக்கும் மோர் கொண்டுவந்தார். சொம்பை என் கையில் கொடுத்துவிட்டு, “எத்தனை வரிசை போகுது?” என்று கேட்டார்.

“மூணு வரிசை டீச்சரம்மா.”

“வரிசைக்குப் பதினாறு. அப்ப நாப்பத்தெட்டு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நமக்கு விரல் விட்டு எண்ணவே நேரமில்லாத வேளையில் இந்த அம்மாவுக்கு என்ன வேகம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு அலமாரி சுவரில் போய் உட்கார்ந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒட்டின இடம் கண்ணுக்கே தெரியவில்லை. வெற்றிலைக் கொடி இரண்டு பக்கமிருந்தும் வந்து நடுவில் கைகோத்துக்கொண்டது. டாக்டர் ஒவ்வொரு பாட்டிலாகப் பெயரைச் சொல்லிச் சொல்லி வாங்கிப் படுக்க வைத்தார். குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரிதான் போட்டார். மூன்றே முக்காலுக்கு இருநூற்று எண்பத்தெட்டாவது பாட்டிலும் படுத்துவிட்டது. பொந்து தீர்ந்துவிட்டது. வண்டிக்குள் நாலு பெட்டியில் நாற்பத்தெட்டு பாட்டில் மிச்சம்.

“சார், நான் கிளம்பணும்” என்றார் டிரைவர். பெட்டிகளை இறக்கி அறை வாசலில் வைத்துவிட்டுப் போயே போய்விட்டார்.

டாக்டர் பதறினார். “தரையில அடுக்கிரலாம்.” அடுக்கினால் நடக்க இடமில்லை, கதவும் மூடாது. “ஃபிரிட்ஜுல வைக்கலாம்.” ஃபிரிட்ஜில் மாவு, தயிர், சாமிக்கு வாங்கின மல்லிகைப்பூ. டீச்சரம்மா ஃபிரிட்ஜ் கதவில் சாய்ந்துகொண்டு நின்றார், நகரவில்லை. டாக்டர் எங்கள் பக்கம் திரும்பினார். வெயிலைவிடச் சூடாக இருந்தது அவர் முகம்.

“இப்பச் சொல்லுங்க. ஏழ ஆறாக்குனது யாரு?”

ஆசாரி ஓரடி முன்னால் வந்தார். “நான்தான் சார்.”

அவ்வளவுதான். என் பெயரை அவர் சொல்லவில்லை. பிள்ளைகளா, என் வேலையில் கூரை இடிந்து விழுந்த நாள் உண்டு, கண்ணாடி நொறுங்கிய நாள் உண்டு. அதிலெல்லாம் பட்ட பயம் ஒன்றுமே இல்லை. இன்னொருவன் நம் பழியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது, பேசாமல் இருந்தால் தப்பித்துக்கொள்ளலாம் என்று மனசுக்குள் ஒரு குரல் கேட்கிறதே, அதுதான் பயங்கரம். எனக்கும் கேட்டது. நல்ல இனிப்பான குரல். மூன்று மூச்சு விடுகிற நேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

“சார், அவரு என்கிட்ட வந்து கேட்டாரு” என்றேன். “ஏழா ஆறான்னு கேட்டாரு. நான் போன்ல எவனையோ திட்டிக்கிட்டு இருந்தேன். பாத்துப் பண்ணுன்னுட்டேன். அதுக்கப்புறம் நாலு தடவை வந்தும் அளந்து பாக்கல. தப்பு என்னோடது. காலையில இந்த மனுசனை எட்டுப் பேர் முன்னாடி திட்டுனதும் தப்பு.”

ஆசாரி, “இல்ல சார், அண்ணன் மேல ஒன்னும் இல்ல” என்றார். நான், “நீ சும்மா இருய்யா” என்றேன். அவர், “நீங்க சும்மா இருங்கண்ணே” என்றார். பழியை ஏற்றுக்கொள்வதில் இரண்டு பேருக்கும் சண்டையே வந்துவிடும் போல இருந்தது.

“ரெண்டு பேரும் சும்மா இருங்க” என்றார் டீச்சரம்மா. “ஆசாரிகிட்ட ஏழடி தரித்திரமாமேன்னு கேட்டுத் தூண்டிவிட்டது நான்.”

ஆசாரி தலையைச் சொறிந்தார். “ஆமா சார். அம்மா காப்பி குடுக்கும்போது கேட்டாக. அப்பத்தான் எனக்கே பக்குன்னுச்சு.”

டாக்டர் அசந்துபோனார். “நீயா? ராகு காலம் பாத்தா சிரிப்பியே. உனக்கு எப்ப இருந்து மனையடி சாஸ்திரம்?”

“எனக்கு எதுக்குங்க சாஸ்திரம்? நான் கணக்கு டீச்சர். ஒரு பொந்து நாலு அங்குலம். அடிக்கு மூணு வரிசை. வரிசைக்குப் பதினாறு. ஓரடி கொறைஞ்சா நாப்பத்தெட்டு பாட்டிலுக்கு இடமில்ல.” கொஞ்சம் நிறுத்தினார். “இடமில்லேன்னா தொறந்துதானே ஆகணும்?”

டீச்சரம்மாவின் குரல் அப்போதுதான் லேசாக நடுங்கியது. “மக படிச்சு முடிக்கட்டும்னீங்க. முடிச்சா. கல்யாணத்துக்குத் தொறப்போம்னீங்க. கல்யாணமும் ஆச்சு. ஊருக்குப் போயித் தொறப்போம்னீங்க. ஊருக்கும் வந்தாச்சு. இப்ப அதுக்கு ஏசி போட்டுப் படுக்க வைக்கிறீங்க. இருபத்தெட்டு வருஷமா வாரா வாரம் அதுகளுக்குத் தூசி தட்டினவ நான். அது என்ன ருசின்னு எனக்குத் தெரியாது.”

ஆசாரிக்குத்தான் இன்னும் ஒரு சந்தேகம் தீரவில்லை. “அப்ப ஏழடி தரித்திரம்ங்கிறது பொய்யாம்மா?”

“சாஸ்திரம் சரிதான் ஆசாரி. ஏழடி கட்டியிருந்தா நான் கடைசி வரைக்கும் ஒரு வாய் குடிச்சிருக்க மாட்டேன். இதைவிடத் தரித்திரம் வேற என்ன இருக்கு?”

டாக்டர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. பெட்டிகளுக்குப் பக்கத்தில் குனிந்து ரொம்ப நேரம் தேடி ஒரு பாட்டிலை எடுத்தார். லேபிள் மஞ்சளாகிப் போயிருந்தது. “இது மக பொறந்த வருஷத்துது” என்றார். “இதத் தொறப்போம்.”

எல்லாருக்கும் முகம் மலர்ந்தது. டாக்டர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். தக்கையைப் பிடுங்குகிற திருகு அவரிடம் இல்லை. வீட்டில் எங்குமே இல்லை. முந்நூற்று முப்பத்தாறு பாட்டில் சேர்த்த மனிதர் திறப்பதற்கு ஒன்று வாங்கவே இல்லை. டீச்சரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“திருகுதானே சார்? அதுக்கு எதுக்கு அலையுறீக” என்று ஆசாரி தன் டப்பாவிலிருந்து இரண்டரை அங்குல ஸ்குரு ஒன்றை எடுத்தார். டாக்டர் ஸ்குரு டிரைவருக்குக் கையை நீட்டினார். “குடுங்க. இது என் வேலை.” எலும்பில் ஸ்குரு போடுகிற கை அது. தக்கை உடையாமல், நடுவில், நேராக இறங்கியது. ஆசாரி ஆணி பிடுங்குகிற சுத்தியலைக் கொடுத்து மெதுவாக நெம்பினார். ‘டப்’ என்று ஒரு சத்தம். எட்டுப் பேரும் கை தட்டினார்கள்.

நாலு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினார்கள். டீச்சரம்மாதான் முதலில் வாயில் வைத்தார். முகம் கோணியது. டம்ளரைக் கீழே வைத்தார். டாக்டர் குடித்துப் பார்த்தார். ஆசாரி ஒரு சொட்டு நாக்கில் விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, “புளிச்ச காடிண்ணே” என்றார். நான் அவர் காலை மிதித்தேன்.

டாக்டர் அறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். “கெட்டுப் போச்சு” என்றார். “நல்ல நாளுக்குன்னு வச்சிருந்தேன்.”

டீச்சரம்மா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். எட்டுப் பேர் நிற்கிறோமே என்றெல்லாம் பார்க்கவில்லை. அவர் தலையில் இருந்த ரம்பத்தூளைத் தட்டிவிட்டார். “அவளுக்கே இருபத்தெட்டு முடிஞ்சுருச்சுங்க. அது எம்புட்டு நாளைக்குத்தான் காத்திருக்கும்?”

டாக்டர் கொஞ்ச நேரம் அந்த நாலு பெட்டியையும் பார்த்தார். பிறகு திரும்பி, உள்ளே வரிசையாகப் படுத்திருந்த இருநூற்று எண்பத்தெட்டையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பெட்டியிலிருந்து அடுத்த பாட்டிலை எடுத்து மடியில் வைத்தார்.

“ஆசாரி, இன்னொரு ஸ்குரு இருக்கா?”

ஆசாரி டப்பாவை அப்படியே அவர் முன்னால் தள்ளிவிட்டார். “ஒரு கிலோ இருக்கு சார்.”